சாமி அறைக்கு இருபத்தேழு பாகை

"இதுல ஒங்கட அப்பா எங்க படுக்கிற?"

பஹ்மியா அப்படிக் கேட்டபோது உஷாந்தி மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்ன கேள்வி என்று முதலில் விளங்கவில்லை. பஹ்மியாவின் கையில் மஞ்சள் பேனை இருந்தது. மேசையில் விரித்திருந்தது உஷாந்தி வரைந்த படம். ரொறன்ரோவில் உள்ள ஒரு பழைய செங்கல் வீடு. உஷாந்தியின் கணவன் ஜனா வாங்கிய வீடு.

அவர்களுடைய அலுவலகம் வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. பதினான்கு பேர். வெளியே தார் இளகும் வெயிலில் உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு, கனடாவிலும் இங்கிலாந்திலும் உள்ள வீடுகளின் தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் எப்படி ஓடவேண்டும் என்று வரைவதுதான் வேலை. அந்த நாடுகளின் பழைய வீடுகளில் ஜன்னலுக்குக் கீழே இரும்பு ரேடியேற்றர் நிற்கும். அதற்குள் சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும். இப்போது பலர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, விரல் தடிப்புக் குழாயைத் தரை முழுவதும் வளைத்து வளைத்துப் பரப்பி, அதன்மேல் மெல்லிய கொங்கிறீற்று ஊற்றுகிறார்கள். பிறகு பனிக்காலத்திலும் வீட்டுக்குள் வெறுங்காலோடு நடக்கலாம். இதையெல்லாம் ஆறு வருடமாக வரைகிற உஷாந்தி அறிந்த குளிர், ஒரு தடவை நுவரெலியாவில் இரண்டு போர்வை கேட்டு வாங்கிய குளிர்தான்.

ஒருவர் வரைந்ததை இன்னொருவர் அறை அறையாகச் சரிபார்க்காமல் அங்கிருந்து எந்தப் படமும் வெளியே போகாது. சரிபார்ப்பவர் ஒவ்வொரு அறைக்கும் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இங்கே யார் இருப்பது, எங்கே படுப்பது என்பது. கட்டிலுக்கு அடியில் குழாய் போகலாம். தரையோடு பொருத்திய அலுமாரிக்கு அடியில் போகக்கூடாது. சூடு வெளியேற வழியில்லாமல் மரம் வெடித்துவிடும். அப்படிக் குழாய் போகக்கூடாத இடங்களைச் சிவப்புக் கோடுகளால் நிரப்புவார்கள்.

"பின்னறையிலைதான்" என்றாள் உஷாந்தி. "பாத்றூமுக்குப் பக்கத்திலை."

"பின்னறைல எங்க?"

உஷாந்தி எழுந்து வந்து பார்த்தாள். தான் வரைந்த படத்தை முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பின்னறையின் கிழக்குச் சுவரில் ஆறடி அகலத்துக்குச் சிவப்பு. தரையோடு பொருத்திய சாமி மண்டபம். வடக்கிலும் தெற்கிலும் கூரை முட்ட அலுமாரிகள், அங்கேயும் சிவப்பு. நடுவில் நாலடிக்கு எட்டடி மட்டும் மிஞ்சியிருந்தது. அறையின் நடுவே, ஜனா அனுப்பிய வரைபடத்தில் இருந்தபடியே, வழிபாட்டு அறை என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே அவளே எழுதிய குறிப்பு: வெறுங்கால் பாவனை, தரை வெப்பம் இருபத்தேழு பாகை செல்சியஸ்.

கட்டில் ஒன்று இருந்தது. நிலத்துக்குக் கீழே, பேஸ்மென்ட் அறையில். அந்த அறையின் மேல் ஜனா எழுதியிருந்தான்: இந்த வேலையில் சேராது.

"சாமிக்கு இருவத்தேழு" என்றாள் பஹ்மியா. "ஒங்கட அப்பாக்கு ஐஸ்பெட்டி. நல்லாத்தான் ஈக்கி ஒங்கட மாப்பிள்ளட வீடு."

உஷாந்திக்கு முதலில் வந்த கோபம் தன்மேல்தான். திங்கட்கிழமை ஜனாவின் மின்னஞ்சல் வந்தது. 'ரேடியேற்றர் எல்லாம் கழற்றியாச்சு, அடுத்த கிழமை புதன் கொங்கிறீற்று ஊற்றுகிறார்கள், நீர்தானே இதிலை கெட்டிக்காரி, எங்கட வீட்டை நீரே வரைந்து தாரும்' என்று எழுதியிருந்தான். 'எங்கட வீடு' என்ற சொல்லிலேயே அவள் உருகிப்போனாள். இரண்டு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தையெல்லாம் அதற்கே கொடுத்தாள். சுவர் எங்கே, கதவு எங்கே, குழாய் எத்தனை மீற்றர் என்று பார்த்தாள். யாருக்கோ வரைவதுபோல வரைந்தாள். தன் தகப்பனின் கட்டிலைத் தேடவில்லை.

பார்சலை அப்படியே மூடி வைத்தாள்.

அவளைக் கல்யாணம் பேசி வந்த நாளில், தேநீர் கொண்டுவரச் சொன்னார்கள். கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் ஒரு கதிரையை இழுத்து இருந்தாள். ஜனா கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில் முகம் காட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய அம்மா நாகேஸ்வரி எதிரே இருந்தார். "அம்மா போய் ஒன்பது வருஷம். எனக்கு அப்பா மட்டும்தான். நான் அங்கை வாறதெண்டால் வந்து கொஞ்ச மாதத்திலை அவரையும் கூப்பிடுவன். அவர் எங்களோடதான் இருப்பார். இப்பவே சொல்லுறன், பிறகு ஆரும் தெரியாது எண்டு சொல்லக்கூடாது" என்றாள் உஷாந்தி. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜனா மட்டும் சிரித்தான். ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் நடந்து ஓர் அறையைக் காட்டினான். "இது மாமாவின்ரை அறை. படி ஏறத் தேவையில்லை" என்றான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் ஓம் என்றாள். பதிவுத் திருமணம் முடிந்து பதினாலு மாதம். வீசா கிடைத்துவிட்டது. மார்கழி மூன்றாம் திகதிக்கு ரிக்கெற்.

பஹ்மியா அப்படிக் கேட்ட அன்று மாலை வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் கடற்கரைப் பக்கம் நடந்தாள். ரயில்பாதைக்கு இப்பால் நின்றுகொண்டு ஜனாவை அழைத்தாள். அங்கே காலை ஒன்பது மணி.

"பின்னறை ஆருக்கு, ஜனா?"

"எந்தப் பின்னறை?"

"உங்கட வீட்டிலை எத்தினை பின்னறை?"

அவன் கோப்பிக் கடையில் நின்றான்போல. யாரோ அவனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்கள். பிறகு கதவு திறக்கிற சத்தம். "உஷா, அம்மா போன மார்கழி இஞ்சை வந்து நிண்டவ தெரியும்தானே. சாமி கும்பிடேக்கை சொக்ஸ் போடமாட்டா. தரை ஐஸ் மாதிரி. ஒரு காலை மாத்தி ஒரு காலை வைச்சுக்கொண்டு தேவாரம் படிப்பா. எனக்குப் பாக்கப் பாவமாக் கிடந்தது. அதுக்காகத்தான் இந்த ரேடியேற்றரையெல்லாம்..."

"பாவம்தான். அதுக்கு என்ரை அப்பாவை நிலத்துக்குக் கீழை அனுப்புவியளோ?"

"நீர் ஏன் இப்பிடிக் கதைக்கிறீர்? பேஸ்மென்ட் வடிவாத்தான் இருக்கு. ரீவி இருக்கு."

"பதின்மூண்டு படியும் இருக்கு. நான் எண்ணினனான். படம் நான்தானே வரைஞ்சது. அவர் ஒரு படியிலை ரெண்டு காலையும் வைச்சுத்தான் மற்றப் படிக்கு இறங்கிறவர். உங்களுக்குத் தெரியாதோ? லிஃப்ட் வேலை செய்யாத அண்டைக்கு அவரைக் கீழை கூட்டிக்கொண்டு போக எனக்கு அரை மணித்தியாலம் வேணும்."

"நேரை வந்தாப்பிறகு கதைப்பம். ஃபோனிலை வேண்டாம்."

"புதன்கிழமை கொங்கிறீற்று ஊத்திப்போட்டு நேரை என்னத்தைக் கதைக்கிறது?"

தெற்கே போகிற ரயில் ஒன்று அவளுக்கும் கடலுக்கும் நடுவே இரைந்துகொண்டு போனது. கதவுகளில் ஆட்கள் தொங்கினார்கள். ரயில் போய் முடிந்தபோது ஜனா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எனக்கு இதைப் பற்றிக் கதைக்க ஏலாது, உஷா. விளங்கிக்கொள்ளும்."

"ஏன் ஏலாது?"

"ஏலாது."

அவள் தொடர்பைத் துண்டித்தாள். ஏலாது என்றால் அம்மாவுக்குப் பயம் என்று அர்த்தம். அப்படித்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். ஓட்டோவில் ஏறியதிலிருந்து நாகேஸ்வரியிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். கொள்ளுப்பிட்டிச் சந்தியில் வாகனங்கள் நின்றபோது ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, சிங்களத்தில், "மொகத மிஸ், தரஹெந்த?" என்றார். கோபமா என்று அவருக்கே தெரிந்துவிட்டது. இல்லை என்று, "நே" என்றாள். அவர் நம்பவில்லை. அதன்பிறகு ஹோர்ன் அடிப்பதைக்கூடக் குறைத்துக்கொண்டார்.

நாகேஸ்வரி ஜம்பட்டா வீதியில் ஒரு பழைய மாடிவீட்டில் தனியாக இருந்தார். கணவர் காலமாகி நெடுநாள். அறுபத்துநாலு வயதிலும் குரல் வீதி வரைக்கும் கேட்கும். உஷாந்தி போனபோது தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டரை நிறுத்திவிட்டு, மாவுக் கையோடு, "என்ன பிள்ளை, சொல்லாமல் கொள்ளாமல்? வாரும், வாரும்" என்றார்.

ஓட்டோவில் பாடமாக்கியது ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

"மாமி, உங்கட கால் குளிருதெண்டு என்ரை அப்பாவின்ரை அறையை எடுத்தனீங்களோ?"

நாகேஸ்வரிக்கும் கோபம் ஏறியது. "என்ன கதை இது? ஆர் அறை கேட்டது? நான் கேட்டனானோ? முருகனுக்குத் தனி அறை கேக்க நான் என்ன கோயிலோ நடத்திறன்? இஞ்சை வந்து பாரும்." உஷாந்தியின் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனார். பருப்புப் போத்தல்களுக்கு மேலே ஒரு தட்டு. அதில் மூன்று படம், ஒரு விளக்கு. "முப்பது வருஷமா இதுதான் என்ரை சாமி அறை. ஒருநாளும் குறைஞ்சுபோகேல்லை. கனடாவிலை நிக்கேக்கை கால் விறைக்குது, ஒரு துண்டுக் காபெற் வாங்கிப் போடடா எண்டு சொன்னனான். காபெற்! அவன் வீட்டுத் தரையையே கிண்டுறான்."

"அப்ப ஏன் பின்னறையிலை ஆறடி மண்டபம்?"

"அது அவன்ரை யோசனை. உங்கட அப்பா வரமாட்டன் எண்டு சொன்னாப்பிறகு, அறை சும்மாதானே கிடக்கப்போகுது எண்டு..."

நாகேஸ்வரி நிறுத்தினார். உஷாந்தியின் முகத்தைப் பார்த்தார்.

"உமக்குத் தெரியாதே, பிள்ளை?"

கிரைண்டருக்குப் பக்கத்தில் ஊறப்போட்ட உளுந்துக் கோப்பையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "எப்ப சொன்னவர்?" என்று கேட்டாள் உஷாந்தி.

"ஆவணியிலையாக்கும். ஜனாவுக்கு ஃபோன் எடுத்துச் சொன்னவராம். நீர் இப்ப அறியக்கூடாது, அறிஞ்சா போகமாட்டீர், அங்கை போய்ச் சேர்ந்தாப்பிறகு மெல்லமாச் சொல்லுவம் எண்டு. ஆனால் உமக்கு எப்பவோ சொல்லியிருப்பாங்கள் எண்டுதான் நான் நினைச்சனான். ரெண்டு மாசம் ஒரு பெண்பிள்ளையிட்டை மறைப்பாங்களோ?" அவர் கையில் ஒட்டிய மாவை வழித்துக் கோப்பையில் அடித்தார். "வரட்டும் இண்டைக்கு அவன்ரை ஃபோன்."

உஷாந்தி தேநீர் வேண்டாம் என்றாள். படியிறங்கும்போது நாகேஸ்வரி பின்னால் ஓடிவந்து ஒரு எவர்சில்வர் வாளியை அவள் கையில் திணித்தார். "தோசைமா. நேற்று அரைச்சுப் புளிக்க வைச்சது. நல்ல கோவத்தோட போறீர். போய்ச் சமைக்கமாட்டீர். அப்பா பசியோட இருப்பார்."

கோபத்தோடு ஒரு வாளி மாவைச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு கொழும்பின் வாகன நெரிசலில் ஒன்றரை மணித்தியாலம் இருப்பது லேசான காரியமல்ல.

உஷாந்தியின் அப்பா கனகசபாபதி தபால் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் பிரித்து அடுக்கி வைப்பது அவருக்குப் பழக்கம். வியாழக்கிழமை பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து, பிரஷர் குளிசையைப் பிளேட்டால் பாதி பாதியாக வெட்டி, ஏழு நாள் பெட்டியில் போடுவார். உஷாந்தி வாளியை மேசையில் வைத்த வேகத்தில் இரண்டு பாதிகள் தெறித்துக் கீழே விழுந்தன.

"மெல்ல, பிள்ளை."

"ஆவணியிலை ஜனாவோட என்ன கதைச்சனீங்கள்?"

அவர் பிளேட்டைக் கவனமாகத் தாளில் சுற்றி வைத்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர் இரண்டு மாதம் எப்படிச் சமாளித்தார் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பிறகுதான் விளங்கியது, அவள் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. உங்களுக்குத் தடித்த சுவெற்றர் வாங்கவேணும், பல்லைக் காட்டிக்கொண்டு வரவேணும் என்று இவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வரேல்லை எண்டால் நீ போகமாட்டாய்" என்றார். "அதுதான், அங்கை போனாப்பிறகு சொல்லுவம் எண்டு நாங்கள் ரெண்டுபேரும்..."

"நாங்கள் ரெண்டுபேரும்!" அவள் கத்தினாள். பக்கத்து வீட்டு ரீவியின் சத்தம் குறைந்தது. கேட்கட்டும் என்று நினைத்தாள். "கலியாணம் பேசேக்கை அத்தினை பேருக்கு முன்னாலை கதைச்சது ஆர்? நான். என்ரை வாயாலை. அண்டைக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்? தேத்தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள். இப்ப எனக்குப் பின்னாலை அவரோட சேர்ந்து முடிவெடுக்கிறியள். அவர் உங்கட அறையைத் தூக்கிச் சாமிக்குக் குடுத்திட்டார். அதை என்னைக் கொண்டே வரையவும் வைச்சிட்டார். என்ரை கையாலை, அப்பா! உங்கட கட்டில் இல்லாத அறையை நான் வரைஞ்சனான். ரெண்டு நாள் இருந்து, பாட்டுக் கேட்டுக்கொண்டு."

"அவனைப் பேசாதை. நான் கேட்டதாலைதான்."

"உங்களையும் பேசுறன், அவரையும் பேசுறன். எனக்கு நேரம் இருக்கு."

கனகசபாபதி கீழே விழுந்த பாதிக் குளிசைகளைப் பார்த்தார். குனிய முடியாது. அவளும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"உன்ரை அம்மா என்னைக் கட்டி வந்த நாளிலையிருந்து என்ரை அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சினவ" என்றார் அவர். "பதினொரு வருஷம். ஒரு படத்துக்கு நாங்கள் தனியப் போகேல்லை. பெரியவர் எழும்பிடுவார், ஓடவேணும் எண்டுவா. நீ பிறந்தாப்பிறகும் அப்பிடித்தான். அவர் போனபோது நாங்கள் ரெண்டுபேரும் களைச்சுப்போனம். நான் அங்கை வந்து அந்தப் பின்னறையிலை இருந்தால், நீயும் அவனும் புதுசாக் கட்டினவை மாதிரி ஒருநாளும் இருக்கமாட்டியள். அதை நான் ஒருக்காப் பாத்தாச்சு, பிள்ளை."

அவள் மனம் ஒரு கணம் தளர்ந்தது உண்மை. அதோடு முடிந்திருந்தால் அழுதிருப்பாள். ஆனால் அவள் வாயில் வேறொரு கேள்வி வந்தது.

"அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"என்னத்தை?"

"கஞ்சி காய்ச்ச விருப்பமோ எண்டு."

அவர் பத்திரிகைத் தாளின் ஓரத்தை மடித்தார். "இல்லை" என்றார்.

"என்னையும் கேக்கேல்லை. உங்களுக்கு வர விருப்பமில்லையெண்டால் எனக்கு முகத்துக்கு நேரை சொல்லுங்கோ. நான் அழுவன், கத்துவன், நாலு நாள் கதைக்காமல் இருப்பன். பிறகு ஓம் எண்டுவன். இல்லாட்டி இல்லை எண்டுவன். அது என்ரை வேலை. அதை நீங்களும் ஜனாவும் எனக்காகச் செய்யக்கூடாது. இப்ப சொல்லுங்கோ. உங்களுக்கு உண்மையா வர விருப்பமில்லையோ?"

"எனக்குத் தெரியேல்லை" என்றார் கனகசபாபதி. அதுதான் இரண்டு மாதத்தில் அவர் சொன்ன முதல் உண்மை என்று அவளுக்குப் பட்டது. "பயமாக் கிடக்கு. குளிருக்கு. அந்த நாட்டிலை விழுந்தால் ஆர் தூக்கிறது எண்டு. ஆனால் நீ இல்லாமல் இந்த வீட்டிலை..."

உஷாந்தி குனிந்து இரண்டு பாதிகளையும் எடுத்தாள். ஊதித் தூசியைத் தட்டி, ஞாயிறு என்ற பெட்டியில் போட்டு மூடினாள். பிறகு தோசை வார்த்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். தோசை நன்றாக இருந்தது. அதுவும் அவளுக்குக் கோபத்தைத் தந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஜனாவை அழைத்தாள். அங்கே வியாழன் இரவு ஒன்பது. திரையில் அவனுடைய முகம் களைத்திருந்தது. பின்னால் சுவரோரம் கழற்றிய ரேடியேற்றர்கள் சாய்ந்து நின்றன.

"அம்மா ஃபோனிலை கிழிச்சுப்போட்டா" என்றான்.

"காணாது. இன்னும் கிழிச்சிருக்கவேணும்."

"உஷா, மாமா கெஞ்சிற மாதிரிக் கேட்டவர். 'நீர் சொன்னால் அவள் வரமாட்டாள், தம்பி, அவளின்ரை வாழ்க்கை என்னாலை பாழாகக்கூடாது' எண்டு. நான் என்ன செய்யிறது?"

"அவர் கேட்டவர். அவர் அப்பா, அவருக்குப் பயம். நீங்கள் ஏன் ஓம் எண்டனீங்கள்?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எனக்கு நீர் வரவேணும். பதினாலு மாசமா இந்த வீட்டிலை ஒரு கோப்பையோட சாப்பிடுறன். அவர் வரமாட்டார் எண்டு நீர் அறிஞ்சால், நீரும் வராமல் விட்டிடுவீர் எண்டு பயந்தனான். அதுதான். வேறை ஒண்டும் இல்லை."

"எல்லாருக்கும் பயம். எல்லாரும் பயத்திலை என்ரை தலைக்கு மேலாலை கதைக்கிறியள். அம்மாவின்ரை கால் எண்டு எனக்குப் பொய் வேறை. பாவம், அந்த மனிசி ஒரு துண்டுக் காபெற் கேட்டது."

ஜனாவுக்குச் சிரிப்பு வந்து அடங்கியது தெரிந்தது. அவள் சிரிக்கவில்லை.

"கேளுங்கோ. நான் படத்தை மாத்தி வரையிறன். பின்னறையிலை பொருத்திற அலுமாரி ஒண்டும் வராது, மண்டபமும் வராது. தரை முழுக்கக் குழாய். அந்த அறைக்குத் தனிச் சுற்று, தனி வால்வு. கட்டில் உள்சுவர்ப் பக்கம். சாமிக்குச் சாப்பாட்டு அறையிலை அந்தப் பெரிய ரேடியேற்றர் கழற்றின இடம் இருக்கு, நாலடி. கிழக்குப் பாத்த சுவர். அது காணும். மாமி நிக்கிற இடத்துக்குக் கீழாலை குழாய் விடுறன், அவவின்ரை காலும் குளிராது."

"சரி, உஷா. ஆனால் மாமா உண்மையிலையே வராட்டி? ஒரு அறையைச் சும்மா..."

"வராட்டி வால்வைப் பூட்டி விடுங்கோ. அறை சும்மா கிடக்கட்டும். ஆனால் குழாய் இல்லாமல் ஊத்தினால் முடிஞ்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு அவர் வாறன் எண்டு சொன்னால், தரையை உடைப்பியளோ? எனக்குத் தெரியும், ஆரும் உடைக்கமாட்டினம். அவருக்கும் தெரியும். பேஸ்மென்ட் காணும் எண்டு அவரே சொல்லுவார். அவர் வாறதும் வராததும் அவரும் நானும் கதைச்சு முடிக்கிற விஷயம். கொங்கிறீற்று முடிக்கிற விஷயமில்லை."

"கொன்ராக்டர் துள்ளுவான். அலுமாரிக்கு ஓடர் குடுத்தாச்சு."

"துள்ளட்டும்."

"ரிக்கெற்...?" என்று மெல்லக் கேட்டான்.

"மாத்தேல்லை. இன்னும் மாத்தேல்லை. இனிமேல் அப்பா உங்களிட்டை ரகசியம் எண்டு ஏதாவது சொன்னால், அடுத்த நிமிஷம் எனக்கு ஃபோன் வரவேணும். உங்கட அம்மா சொன்னாலும் அப்பிடித்தான். இல்லாட்டிச் சூடான தரையிலை நீங்கள் தனியப் படுங்கோ."

அன்று அலுவலகத்தில் மத்தியானத்துக்குள் வரைந்து முடித்தாள். குளிர் கண்ணாடி வழியாகத்தான் முதலில் உள்ளே வரும். அதனால் பின்னறை ஜன்னலோரம் குழாய்களை நாலு அங்குல இடைவெளியில் நெருக்கினாள். மற்ற இடத்தில் எட்டு. அறையின் பெயரை அழித்துவிட்டு, ஆங்கிலத்தில் தகப்பனின் முழுப் பெயரையும் எழுதினாள். கனகசபாபதி என்பதை ஆங்கிலத்தில் எழுத அந்தச் சின்ன அறையில் இடம் போதவில்லை. எழுத்து சுவரைத் தாண்டிக் குளியலறைக்குள் போனது. விட்டுவிட்டாள்.

பஹ்மியா மஞ்சள் பேனையோடு வந்தாள். அறை அறையாகப் பார்த்தாள். பின்னறையில் பேனையை வைத்து, "இங்க யாரு?" என்று கேட்டாள். அது விதி. கேட்டே ஆகவேண்டும்.

"அப்பா."

"வாறாரா?"

"தெரியாது."

பஹ்மியா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி போட்டாள். உஷாந்தி படத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பினாள்: 'இதில் ஒரு கோடு மாறினாலும் வரைந்தவர் என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடவும்.'

சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் அவள் ஜனாவோடு பேசவில்லை. தகப்பனோடு தேவைக்கு மட்டும் பேசினாள். அவர் ஒருநாள் அவள் மேசையில் கிடந்த படப் பிரதியை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு வைத்தார். தன் பெயர் குளியலறைக்குள் போயிருப்பதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை, அங்கே செவ்வாய் இரவு, அவள் வேலைக்கு வெளிக்கிடும்போது ஜனாவிடமிருந்து இரண்டு புகைப்படங்கள் வந்தன. வேறொரு சொல்லும் இல்லை. முதலாவதில் அந்தப் பின்னறை. அலுமாரி இல்லை, மண்டபம் இல்லை. தரை முழுவதும் சிவப்புக் குழாய் வளைந்து வளைந்து ஓடியது. இரண்டாவது படத்தில் எல்லாச் சுற்றுகளும் வந்து சேருகிற வால்வுப் பெட்டி. ஒவ்வொரு வால்வுக்கும் கீழே ஆங்கிலத்தில் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. ஏழாவதில் மட்டும் பேனையால், தமிழில், 'மாமா'.

அவள் கதவோரம் நின்றபடியே முதல் படத்தைப் பெரிதாக்கினாள். தரையில் யாரோ அளவுநாடாவை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஜன்னலோரத்தில் எண்களைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

அழைத்தாள். அவன் எடுத்ததும், "ஜன்னலடியிலை ஏன் எட்டு அங்குலம்?" என்றாள்.

"என்ன?"

"நான் நாலு எண்டெல்லோ போட்டனான். மற்ற இடம் மாதிரி அங்கையும் எட்டிலை விட்டிருக்கிறாங்கள். அந்த ஜன்னலாலைதான் குளிர் இறங்கும். போய் அளந்து பாருங்கோ."

"உஷா, நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு ஊத்த வாறாங்கள்."

"அப்ப இண்டைக்குக் கழற்றுங்கோ. கொன்ராக்டர் இல்லாட்டி நீங்கள் கழற்றுங்கோ. குழாயைப் பிடிச்சிருக்கிற கொளுக்கியைத் தட்டினால் வரும். குழாயை மடக்கிப்போடாதேங்கோ. நான் ஃபோனிலை நிக்கிறன்."

அவன் பெருமூச்சு விட்டான். பிறகு ஃபோனை எங்கோ சாய்த்து வைக்கிற சத்தம். திரையில் அவன் முழங்காலில் இருந்து, ஜன்னலுக்குக் கீழே குனிந்தான். கையில் ஒரு சுத்தியல். முதல் கொளுக்கி தெறித்தது.

"அங்கை இல்லை. இடப்பக்கம். ஐயோ, இடப்பக்கம் ஜனா!"

கனகசபாபதி சத்தம் கேட்டு அறையிலிருந்து வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் வந்து நின்று ஃபோனை எட்டிப் பார்த்தார். பனி நாட்டில் ஒரு மனிதன் முழங்காலில் நின்று தரையில் எதையோ பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"என்ன செய்யிறான் தம்பி?"

"உங்கட அறையைத் திருத்திறார்."

தன் அறை இல்லை என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்து, அதற்கு ஒரு பதிலும் வைத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தார்.

"அந்த ஜன்னலுக்கு வெளியிலை என்ன கிடக்கு?" என்று கேட்டார்.

உஷாந்திக்குத் தெரியாது. அவள் வரைந்த படத்தில் சுவர் வரைக்கும்தான் இருந்தது.

"ஜனா," என்றாள், கோபம் குறையாத குரலில், "அதை வைச்சிட்டு எழும்பி, வெளி லைற்றையும் போட்டு, ஃபோனை ஜன்னலுக்கு வெளியிலை பிடியுங்கோ. அப்பா பாக்கவேணுமாம்."